முயலைப் பார்க்காதீர்கள், கம்பியைப் பாருங்கள்: செடிச் சிற்பத் தொகுப்பு ஒரு மதிப்பீடு

பெட்டியின் மேல் ஒரு முயல் படம். உடல் முழுக்கப் பச்சை, காது நுனிவரை இலை, ஒரு கம்பிகூட வெளியே தெரியாது. பெட்டியைத் திறந்தால் இரண்டு பாதிகளாகப் பிரிந்த கம்பிக்கூடு, கூட்டுக்குள் திணித்துச் செடி நடுவதற்காகக் கட்டியாக இறுக்கிய 150 கிராம் ஸ்பாக்னம் பாசி, ஒரு சுருள் நைலான் நரம்பு, ஒரு பிடி கொண்டை ஊசி, ஒரு விளக்கத்தாள். செடி கிடையாது. உயிருள்ள செடிகளால் சிற்பம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இப்படியொரு தொகுப்பைத்தான். எந்தப் பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பது ஏறத்தாழ இதுவே. 45 செ.மீ. உயரமுள்ள உட்கார்ந்த முயலை அளவுகோலாக வைத்து இந்த மதிப்பீடு எழுதப்படுகிறது. நாய், வாத்து, கரடி எதுவானாலும் கணக்கு பெரிதாக மாறாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கூடு நன்றாக இருந்தால் வாங்கலாம். கூட்டுக்காக மட்டும் வாங்குங்கள். பாசி போதாது, நரம்பு மெலிசு, ஊசி துருப்பிடிக்கும், விளக்கத்தாள் தண்ணீரைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் பேசாது. செடிச் சிற்பம் கெட்டுப்போவதற்கு முதல் காரணமே தண்ணீர்தான் என்பதால் அந்தத் தாளைக் கண்துடைப்பு என்றே சொல்ல வேண்டும்.

கூடு

இந்த உயரத்துக்கு வெளிக்கோடு போடும் முதன்மைக் கம்பி குறைந்தது 3 மி.மீ., குறுக்குக் கம்பி 2 மி.மீ. இருக்க வேண்டும். நனைந்த பாசியும் செடியும் கம்பியும் சேர்ந்து ஐந்து கிலோ பக்கம் வரும். அந்த எடை கழுத்தில் இறங்கும்போது மெல்லிய கம்பி மெதுவாக வளைந்து, சில மாதங்களில் முயல் தரையை முகர்ந்துகொண்டிருக்கும். கண்ணிகளின் இடைவெளி 2.5 முதல் 5 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. அதைவிடப் பெரிதானால் பாசி வெளியே பிதுங்கும்; சிறிதானால் குழித்தட்டு நாற்றை உள்ளே நுழைக்க முடியாது.

கம்பிகள் சந்திக்கும் இடங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். முறுக்கிக் கட்டிய இணைப்பா, வெல்டிங் செய்ததா? காதின் அடியைப் பிடித்து லேசாகத் திருகினால் முறுக்கிக் கட்டியது அசையும். வெல்டிங் ஆனாலும் இன்னொரு கேள்வி உண்டு: துத்தநாகப் பூச்சு வெல்டிங்குக்கு முன்பா, பின்பா? பூசிய கம்பியை வாங்கி வெல்டிங் செய்தால் அந்தச் சூட்டில் இணைப்புப் புள்ளியில் பூச்சு எரிந்துபோகும். துரு அங்கிருந்துதான் கிளம்பும். இணைப்புகளைச் சுற்றிக் கருத்தோ பழுப்பாகவோ ஒரு வளையம் தெரிந்தால் அது முன்பே பூசிய கம்பி. முழுக் கூட்டையும் வெல்டிங்குக்குப் பிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்திருந்தால் இணைப்பின் மேலும் அதே சாம்பல் நிறம் சீராக இருக்கும், சில இடங்களில் சொட்டு உறைந்த தடமும் இருக்கும். பார்க்கச் சொரசொரப்பாக, அழகில்லாமல் இருக்கிற அந்தக் கூடுதான் நீடித்து உழைக்கும். பளபளவென்று கறுப்பு பவுடர் கோட்டிங் போட்டது படத்துக்கு நன்றாக இருக்கும். மூலையில் ஒரு சிம்பு பெயர்ந்தால் தண்ணீர் பூச்சுக்கு அடியில் ஊர்ந்து போய்விடும். ஸ்பாக்னம் பாசி அமிலத்தன்மை உள்ளது, எப்போதும் ஈரமாகவும் இருக்கும். இரும்புக்கு இதைவிட மோசமான சகவாசம் கிடையாது.

இந்தக் கூடுகளில் மிகப் பெரிய வடிவமைப்புக் குறை காதுதான். பல தொகுப்புகளில் காது என்பது தட்டையாக வளைத்த ஒற்றைக் கம்பி. அதில் பாசி நிற்காது. கனமுள்ள காது என்றாலும் 4 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் ஒரே நண்பகலில் காய்ந்துவிடும். பரப்பு அதிகம், உள்ளே பிடித்துவைக்கும் நீர் குறைவு. இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. காதில் பாசியே திணிக்க வேண்டாம். தலையில் நட்ட கொடியின் இரண்டு தண்டுகளைக் காதுக் கம்பியில் ஏற்றிக் கட்டிவிடுங்கள். வேர் தலைக்குள் ஈரத்தில் இருக்கும், இலை மட்டும் காதில் படரும். வாலுக்கும் இதே வைத்தியம்.

அடிப்பக்கம் திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். அடி முழுக்க வெல்டிங்கில் மூடியிருந்தால் பின்னால் பாசி தொய்யும்போது மேலும் திணிக்க வழியிருக்காது.

பாசி

150 கிராம் கட்டியின் உறையில் "12 லிட்டர்" என்று அச்சிட்டிருக்கும். பொய் இல்லை, ஊறி உதிரியாகக் கிடக்கும்போது அவ்வளவு இடம் பிடிக்கும். சிற்பத்துக்கு உதிரிப் பாசி உதவாது, அழுத்தித் திணிக்க வேண்டும். திணித்தால் அதே கட்டி மூன்றரை லிட்டருக்குள் அடங்கிவிடும். 45 செ.மீ. முயலின் கொள்ளளவு சுமார் ஏழு லிட்டர். ஆகவே ஒரு கட்டியை வைத்துத் தொடங்கினால் பாதி முயலோடு நிற்பீர்கள். கூடுதலாக ஒன்று, பாதுகாப்புக்கு இன்னொன்று என மொத்தம் மூன்று கட்டி இருக்கட்டும். நீள நாராக இருக்கும் பாசியாகப் பார்த்து வாங்குங்கள். பொடிந்த தூளும், பீட் பாசி என்று தனியாக விற்கும் கறுப்புப் பொடியும் கண்ணிகள் வழியே கொட்டிவிடும்.

வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைத்துப் பிழியுங்கள். கையில் இறுக்கினால் நான்கைந்து சொட்டு விழ வேண்டும், ஒழுகக் கூடாது. கையுறை கட்டாயம். ஸ்பாக்னம் பாசியில் இருக்கக்கூடிய ஒரு பூஞ்சை, தோலில் உள்ள சிறு கீறல் வழியே நுழைந்து ஸ்போரோட்ரைகோசிஸ் என்ற நோயைத் தரும். கம்பி முனையும் பாசியும் சேர்ந்து கையாளப்படும் வேலை இது. தொகுப்பில் கையுறையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை என்றால் அது சின்னக் குறை அல்ல.

மூக்கு, பாதம், கன்னம் போன்ற ஒடுங்கிய இடங்களை முதலில் நிரப்ப வேண்டும். உடலை நிரப்பிவிட்டால் அங்கே கை எட்டாது. இரண்டு பாதிகளையும் தனித்தனியே நிரப்பிக் கட்டுக்கம்பியால் சேர்த்து, அடிவழியே நடுவில் இன்னும் கொஞ்சம் திணியுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு செ.மீ.க்கு மேல் உள்ளே போகக் கூடாது. தளர்வாக விட்டால் சில மாதங்களில் பாசி கீழே அமர்ந்து, தலைக்குள் வெற்றிடம் உண்டாகும். அங்கே நட்ட செடிகளின் வேர் காற்றில் தொங்கும். உச்சி மட்டும் காய்ந்து, தண்ணீர் ஊற்ற ஊற்றத் தேறாத முயல்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

பிறகு நரம்பு. தொகுப்பில் வருவது பெரும்பாலும் 0.2 மி.மீ. தடிமன், இறுக்கினால் பாசியை வெட்டிக்கொண்டு உள்ளே போகும், விரலையும் வெட்டும். 0.4 அல்லது 0.5 மி.மீ. தூண்டில் நரம்பு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு செ.மீ. இடைவெளியில் சுற்றி, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே முடிச்சிடுங்கள். ஒரே நீளமாகச் சுற்றினால் வெயிலில் இற்று ஓர் இடத்தில் அறுந்தவுடன் முழுச் சுற்றும் தளர்ந்துவிடும்.

எந்தச் செடி

"எந்தக் கொடியும் பொருந்தும்" என்கிறது விளக்கத்தாள். பொருந்தாது. இலை சிறிதாக, கணுவுக்குக் கணு வேர்விடுவதாக, அடிக்கடி கவாத்து செய்தாலும் தாங்குவதாக இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் முதலிடம் ஃபைக்கஸ் பூமிலாவுக்கு, அதாவது சுவரில் ஒட்டிப் படரும் அத்தி வகைக்கு. தண்டைப் பாசியில் அழுத்தி ஊசி குத்தினால் கணுவில் வேர் பிடித்துவிடும். முயலின் மேற்பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர், 8 செ.மீ. இடைவெளியில் நட்டால் முப்பது நாற்று போதும். வெதுவெதுப்பும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் ஆறு மாத அளவில் மூடிவிடும். ஒரு குணம் மட்டும் பொல்லாதது. ஒரே ஒருமுறை வேர் முழுக்கக் காய்ந்தாலும் இலை மொரமொரப்பாகிவிடும், அந்த இலை திரும்பாது. இதன் பால் சிலருக்குத் தோல் எரிச்சல் தரும். முதிர்ந்தால் பெரிய தடித்த இலைகளோடு குச்சிகள் விறைப்பாக வெளியே நீளும். கண்டவுடன் அடியோடு வெட்டுங்கள், இல்லாவிட்டால் முயலுக்குக் கொம்பு முளைக்கும்.

ஐவி என்ற கொடி குளிர்ந்த, வெளிச்சமான இடத்துக்கு. வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் செஞ்சிலந்தி பிடித்து இலை வெளிறும். வீட்டில் நாய், பூனை இலையை மெல்லும் பழக்கம் உள்ளதென்றால் ஐவி வேண்டாம், நச்சு.

நிறமும் உடனடி நிறைவும் வேண்டுமானால் ஆல்டர்னாந்திரா, அதாவது அழகுப் பொன்னாங்கண்ணி வகை. பெரிய கண்காட்சிச் சிற்பங்களில் சிவப்பும் பச்சையுமாகக் கோடு பிரித்துக் காட்டுவதற்குக் கைகொடுக்கும் செடி இது. 5 செ.மீ. இடைவெளி, அதாவது சதுர மீட்டருக்கு 400. நம் முயலுக்கு எண்பது நாற்று. நட்ட அன்றே முயல் முயலாகத் தெரியும். விலை வேறு வகையில் வரும்: நல்ல வெயில் வேண்டும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும், ஒரு பருவம் கழிந்தால் அடித்தண்டு மொட்டையாகிப் புதிதாக நட வேண்டும். வெட்டிய நுனிகளே எளிதில் வேர்விடும் என்பதால் அடுத்த நடவுக்கு நாற்று கையிலேயே இருக்கும்.

எக்கவேரியா, செம்பர்விவம் மாதிரிச் சதைப்பற்றுச் செடிகளைச் சொட்டச் சொட்ட நனையும் பாசியில் நட்டால் அடிவரிசை அழுகும். அவற்றுக்குத் தனிக் கலவை, தனி நீர்க்கணக்கு. இந்தத் தொகுப்பை வைத்து அதைச் செய்யாமல் இருப்பதே மேல்.

பூ? இங்கே அளவு முக்கியம். அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸ் 1992-இல் உருவாக்கிய, 12 மீட்டருக்கு மேல் உயரமுள்ள 'பப்பி' நாய்ச் சிற்பம் ஸ்பெயினின் பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் வாசலில் முழுக்கப் பூவாக நிற்கிறது. அந்த உயரத்தில் ஒரு பூ என்பது வெறும் புள்ளி, கோடு கலையாது. 45 செ.மீ. முயலில் 5 செ.மீ. பெட்டூனியா மலர்ந்தால் மூக்கே மறைந்துபோகும். சிறிய சிற்பத்தில் பூவைக் கழுத்துப்பட்டை அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிறு பூ பிகோனியா அதற்குத் தோது. இன்னொன்று: அந்த நாய்க்கே ஆண்டுக்கு இரண்டு முறை செடி முழுவதையும் மாற்றுகிறார்கள், உள்ளே நீர்க்குழாய் அமைப்பும் இருக்கிறது. பெட்டியின் மேல் "பராமரிப்பு தேவையில்லை" என்று போடுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

நடும்போது பென்சில் பருமனுள்ள குச்சியால் துளை போட்டு, நாற்றின் மண்ணைப் பாதி உதிர்த்து, வேரைச் சிறிது பாசியால் சுற்றி உள்ளே தள்ளுங்கள். செங்குத்தான பக்கங்களில் துளை உள்நோக்கிச் சற்றுக் கீழே சரிய வேண்டும். அப்போதுதான் வழியும் நீர் வேருக்குப் போகும். மேல்நோக்கிச் சரிந்த துளையில் நட்ட நாற்று ஈரம் கிடைக்காமல் வாடும், கொஞ்சம் கொஞ்சமாக வெளியேயும் நழுவும். தொகுப்பின் கொண்டை ஊசிகள் மெல்லிய இரும்பு. சில வாரத்தில் துரு இறங்கி இலையில் கறை படியும். 1.2 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) கம்பியைக் குறடால் வளைத்து, கால் 4 செ.மீ. நீளமாக நீங்களே செய்துகொள்வது பத்து நிமிட வேலை.

தண்ணீர்

மேலே ஊற்றினால் தலை நனைந்து, அடி ஊறி, தோளும் மார்பும் அரைகுறையாக நிற்கும். ஒருமுறை நன்றாகக் காய்ந்த ஸ்பாக்னம் தண்ணீரை ஏற்காது. மேலோடு வழுக்கிக் கீழே போய்விடும். கீழே ஒழுகுவதைப் பார்த்து நிறைந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்தோம்.

சரியான வழி, பாசி திணிப்பதற்கு முன்பே உள்ளே குழாய் வைப்பது. 4 மி.மீ. நுண்குழாயை அடிவழியே ஏற்றி, உச்சந்தலையில் ஒரு சொட்டுவான் (சொட்டுச் சொட்டாக நீர் விடும் முனை), தோளில் ஒரு சொட்டுவான், இரண்டும் மணிக்கு 2 லிட்டர் தருவது. கீழ்ப்பாதியில் எதுவும் வேண்டாம், ஈர்ப்பு பார்த்துக்கொள்ளும். பத்து நிமிடம் ஓடினால் ஒவ்வொன்றும் 330 மி.லி. விடும். அடியில் முதல் சொட்டுகள் விழுந்தவுடன் நிறுத்துங்கள். குழாயின் தொடக்கத்தில் ஒரு சிறு வடிகட்டி அவசியம். உள்ளே புதைந்த சொட்டுவான் அடைத்துக்கொண்டால் முயலைப் பிளந்துதான் எடுக்க வேண்டும். இதற்கென்று கூட்டின் அடியில் ஒரு வளையமும் ஒரு துண்டுக் குழாயும் தொகுப்பில் கொடுத்திருந்தால் மதிப்பெண் இரட்டிப்பாகியிருக்கும்.

எப்போது ஊற்றுவது என்பதற்குத் தராசை மிஞ்சிய கருவி இல்லை. முழுக்க நனைத்து, ஒழுகல் நின்றபின் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் கால் பங்கு குறைந்ததும் தண்ணீர். ஐந்து கிலோ முயல் 3.75 கிலோவுக்கு வந்தால் நேரமாகிவிட்டது. விரலால் தொட்டுப் பார்ப்பது தோலின் ஈரத்தை மட்டுமே சொல்லும். தெளிப்பானால் இலைமேல் புகைபோல அடிப்பது மனத்திருப்திக்கு உதவும், வேருக்கு அல்ல.

முழுக்கக் காய்ந்துவிட்டால் வாளியில் கழுத்துவரை இறக்கி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு கலந்தால் பாசி நீரை விரைவாக இழுக்கும். சிற்பத்தைத் தட்டின் மேல் நேரடியாக உட்காரவைக்காமல் இரண்டு செ.மீ. உயர்த்தி வையுங்கள், அடி எப்போதும் குளத்தில் இருந்தால் அழுகல் அங்கிருந்து ஏறும். இரவில் குளிரும் இடத்தில் காலையில் ஊற்றுவதுதான் சரி.

பாசியில் ஊட்டம் கிட்டத்தட்ட இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நீரில் கரையும் 20-20-20 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை கரைத்து விடலாம். சில மாதங்களில் மூக்கு நுனியிலும் காதின் அடியிலும் வெள்ளையாக உப்புப் பூக்கும், இலை விளிம்பு கருகும். நீர் வேகமாக ஆவியாகும் இடங்களில் உப்பு சேர்வதுதான் காரணம். மாதம் ஒருமுறை உரமில்லாத நீரை வழக்கத்தைப் போல மூன்று மடங்கு விட்டு அலசுங்கள். உப்புத்தண்ணீர் மட்டுமே கிடைக்கும் வீடுகளில் மழைநீர் பிடித்துவைப்பது பலன் தரும்.

முதுகு அடர்ந்து மார்பு மொட்டையானால் வெளிச்சம் ஒரே பக்கம் விழுகிறது. வாரத்துக்குக் கால் சுற்று திருப்புங்கள். பாசியைத் தட்டினால் சிறு ஈக்கள் எழுந்தால் ஈரம் மிகுதி. கணுக்களில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அது மாவுப்பூச்சி. தொடக்கத்திலேயே பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போகும், பாசிக்குள் இறங்கிவிட்டால் விரட்டுவது கடினம். கவாத்துக்கு அளவு, கூட்டிலிருந்து இலை இரண்டு செ.மீ.க்கு மேல் வெளியே வராமல் பார்ப்பது. அதை விட்டால் முயல் பருத்து, கழுத்து மறைந்து, பூசணிக்காயாகும்.

வேறு வகைகள்

தொட்டியின் மேல் குத்தி வைக்கும் வெற்றுக் கம்பிக்கூடும் விற்கிறார்கள். உள்ளே பாசி கிடையாது, வேர் தொட்டி மண்ணில். மூட ஓராண்டு, சில நேரம் இரண்டாண்டு ஆகும். உருண்டை, கூம்பு, இதயம் மாதிரி எளிய வடிவங்கள்தான் வரும். ஆனாலும் தண்ணீர்த் தொல்லை இல்லாததால் முதல்முறை செய்கிறவர்களுக்கு முயலைவிட இதையே பரிந்துரைக்கலாம்.

பாசி திணித்தே வருகிற தயார்ச் சிற்பங்களில் உள்ளே என்ன இருக்கிறது என்று அடிவழியே விரல் விட்டுப் பாருங்கள். வெளியே ஒரு படலம் பாசி, உள்ளே வைக்கோல் என்றால் விட்டுவிடுங்கள். வைக்கோல் மக்கி உட்கார்ந்ததும் உருவமும் உட்காரும். நல்ல பாசியே இரண்டு மூன்று ஆண்டில் மக்கத் தொடங்கும் என்பதால் "வாழ்நாள் முழுக்க" என்ற வாசகத்தைக் கூட்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹாலில் 1690-களில் தொடங்கிய டோபியரி (செடியையே வெட்டி உருவம் தரும்) தோட்டம் இன்றும் இருக்கிறதே என்றால், அங்கே செடியின் சொந்தத் தண்டும் கிளையுமே எலும்புக்கூடு. அது வேறு கலை.

கடைசியாக, இதே முயல் 90 செ.மீ. அளவிலும் வருகிறது. உயரம் இரண்டு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்கு: 56 லிட்டர், நனைந்தால் நாற்பது கிலோ பக்கம், பாசி முழுக்க நிரப்பினால் கட்டி பதினாறுக்குக் குறையாது. அந்த அளவில் நடுவே தெர்மோகோல் துண்டுகளை வலைப்பையில் கட்டி நிரப்பி, அதைச் சுற்றி 7, 8 செ.மீ. மட்டும் பாசி வைத்தால் எடையும் செலவும் குறையும். கம்பியும் அதற்கேற்ப 5 மி.மீ. ஆகியிருக்க வேண்டும். பெரிய அளவிலும் அதே 3 மி.மீ. கம்பியைப் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வெறுங்கூட்டைத் தலையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்; கழுத்து வளைந்தால் பாசியை நனைக்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.